சகலைகளும் ஒரு புளூரே பிளேயரும்

பல்லுக்காரருக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். அவர் மனைவியைக் கேட்டால், நுனியெல்லாம் இல்லை, மூக்கே கோபத்தால் செய்ததுதான் என்பாள்.

பல் டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதை வைத்துச் செயற்கைப் பல் செய்து கொடுப்பது அவர் தொழில். கடைத்தெருவில் மாடியில் ஓர் அறை. மேசையெல்லாம் வெள்ளைப் பிளாஸ்டர் தூள், எந்நேரமும் உருகிய மெழுகின் வாசனை, சுவரோரம் இழுப்பறைகளில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்த பற்கள். பேசுகிற வாய்களோடு அவருக்கு வேலை இல்லை; வாய்களின் அச்சோடுதான் நாள் முழுக்கப் பழக்கம். அதனாலோ என்னவோ, உயிருள்ள மனிதரைப் பார்த்தால் முதல் வாக்கியமே சண்டையாக வரும். அச்சு சரியில்லை என்றால் டாக்டருக்கே போன் போட்டு, "இது வாயா, இடிஞ்ச கட்டடமா?" என்று கேட்பார். வேலை சுத்தம் என்பதால் டாக்டர்களும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனார்கள்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆப்பரேட்டர். காலையிலிருந்து சாயங்காலம் வரை யார் யாரோ அழுது கொண்டும் திட்டிக் கொண்டும் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் தேன் தடவிய குரலில் பதில் சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்ததும் வாயைப் பூட்டிவிடுவாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை சினிமா. வருஷக்கணக்காகக் காதில் ஹெட்போன் மாட்டியதில் வலது காது மந்தமாகிப் போயிருந்தது. அதனால் கீழே எழுத்து ஓடுகிற படம்தான் பிடிக்கும். போனில் படம் பார்க்கலாம் என்றால் அந்தத் தெருவில் இன்டர்நெட் வட்டம் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும். கதாநாயகன் கதவைத் திறப்பதற்குள் இவள் சமையலே முடிந்துவிடும். வீட்டிலிருந்த பழைய டிவிடி பிளேயரோ எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைதோறும் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் படம் பார்ப்பது வழக்கமாயிற்று. வினையும் அங்கேதான் இருந்தது.

தங்கச்சி புருஷன், அதாவது பல்லுக்காரரின் சகலை, டிரைவிங் ஸ்கூல் நடத்துபவன். கற்றுக்கொள்பவர் ஓட்ட, பக்கத்து இருக்கையில் தனக்கென்று தனி பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பழகியவன். யார் எங்கே போக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டு ஹாலில் சுவரை அடைத்த டிவி, அதற்குக் கீழே புளூரே பிளேயர், நான்கு மூலையிலும் ஸ்பீக்கர், ஜன்னலுக்குக் கனத்த திரை என்று ஒரு குட்டித் தியேட்டரே கட்டி வைத்திருந்தான். ரிமோட் மட்டும் அவன் தொடையை விட்டு இறங்காது.

"இங்க பாருங்க சகலை," என்று நடுப்படத்தில் நிறுத்துவான். "கன்னத்துல வேர்வை தெரியுதா? ஒவ்வொரு துளியா எண்ணிடலாம். உங்க வீட்டு டிவில இதெல்லாம் சேறு பூசின மாதிரி இருக்கும்."

பல்லுக்காரர் உறுமுவார். மனைவி இடுப்பில் கிள்ளுவாள். படம் மறுபடி ஓடும்.

ஒரு ஞாயிறு, படத்தில் உருக்கமான கட்டம். கதாநாயகன் தம்பியின் உடலை மடியில் போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கதறுகிறான். திரை முழுக்க அவன் முகம். சகலை வழக்கம்போல் நிறுத்தினான்.

"கண்ணீர் எப்படி மின்னுது பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் பல்லுக்காரர். "மேல் வரிசைல முன்னாடி நாலும் போலி. யாரோ அவசரத்துல கட்டியிருக்கான். கீழ் வரிசை சொந்தப் பல்லு. மேல வெள்ளையடிச்சுட்டுக் கீழ விட்ட சுவரு மாதிரி இருக்கு."

கொழுந்தியாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவ்வளவுதான். படம் மறுபடி ஓடியபோது யாருக்கும் அழுகை வரவில்லை. கதாநாயகன் எவ்வளவு கதறினாலும் நான்கு பற்கள்தான் கதறின. கொழுந்தியாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சகலை ரிமோட்டைத் தூக்கி மேசையில் போட்டான். "படம் பாக்க வந்தீங்களா, பல்லு பாக்க வந்தீங்களா?"

"நீதானய்யா வேர்வையை எண்ணச் சொன்னே."

"எண்ணுங்க, நல்லா எண்ணுங்க. சொந்தமா ஒரு பிளேயர் வாங்கத் துப்பில்ல. ஓசியில பாக்க வந்த இடத்துல நொட்டை வேற."

பல்லுக்காரர் எழுந்தார். செருப்பைத் தேடி மாட்டினார். மனைவி பாதிப் படத்தையும் பாதித் தேநீரையும் விட்டுவிட்டுப் பின்னால் நடந்தாள். வீடு வந்து பூட்டைத் திறக்கும்போதுதான் அவர் வாய் திறந்தது.

"அவன் வீட்ல இருக்கிறதுக்கு ஒரு படி மேல வாங்குறேன். அவனைக் கூப்பிட்டு, நடு ஹால்ல உக்கார வச்சுக் காட்டுறேன்."

"ஒரு படி மேலயெல்லாம் வேண்டாங்க. எங்க ஆஸ்பத்திரி லைப்ரரில டிஸ்க் குடுக்கிறாங்க. கீறல் விழுந்ததா இருக்கும். அது ஓடினாப் போதும். எழுத்து கொஞ்சம் பெருசா வந்தா நல்லது."

"போதும்ங்கிற பேச்சே இந்த வீட்ல கூடாது," என்றார் அவர். விஷயம் அவளைப் பற்றியதே அல்ல என்பது அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

அடுத்த விடுமுறை நாளில் இருவரும் கடைக்குப் போனார்கள். முதல் கடையில் கழுத்தில் டை கட்டிய ஒருவன் ஓடி வந்தான். பல்லுக்காரர் ஒரு பிளேயரைச் சுட்டி, "இதுல எல்லா டிஸ்க்கும்..." என்று ஆரம்பித்தார்.

"எல்லாம் ஓடும் சார்."

"நான் இன்னும் கேட்டே முடிக்கலையே?"

"எது கேட்டாலும் ஓடும் சார்."

"அப்ப உன்னையே போட்டா ஓடுவியா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இரண்டாவது கடையில் ஒரு பெண் நின்றிருந்தாள். நடுவயது, கடைச் சீருடை, நாள் முழுக்க நின்ற கால்வலி முகத்தில் தெரிந்தது. அவள் ஓடி வரவில்லை. இவராகத்தான் போக வேண்டியிருந்தது. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு பிளேயரின் தட்டையும் வெளியே வரவழைத்து, விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். ஆடினால் உதட்டைப் பிதுக்கினார். டிஸ்க் போட்டுச் சுழலவிட்டு, பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டார். கடையிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி குளிர்சாதனப் பெட்டிகள் பக்கம் நகர்ந்து, தான் வேறு யாரோ என்பது போல் நின்றுகொண்டாள்.

"வீட்ல என்ன டிவி சார் இருக்கு?" என்று கேட்டாள் கடைப் பெண்.

"அது எதுக்கும்மா உனக்கு?"

"டிவிக்குத் தகுந்த மாதிரிதான் பிளேயர் எடுக்கணும். அதான் கேட்டேன்."

"தெரியும். டிவி பழசுன்னு சொல்லுவேன், உடனே ஒரு டிவியையும் என் தலைல கட்டுவே. பிளேயரை மட்டும் காட்டு."

அவள் ஒரு நொடி அவரைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள். "இது சாதாரண புளூரே. பழைய டிவிடியும் ஓடும். கீறல் இருந்தாலும் ஓரளவு சமாளிக்கும். இது ஃபோர் கே. படம் இன்னும் நுணுக்கமா இருக்கும். ஆனா அதுக்கு..."

அதற்குள் மனைவி கிட்டே வந்திருந்தாள். முதல் பெட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "தங்கச்சி வீட்ல இருக்கிறது இதேதாங்க. இதோட ரிமோட் எனக்குப் பழக்கம்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அந்தப் பெட்டியின் தலையெழுத்து அத்தோடு முடிந்தது.

"இதை எடுத்து உள்ள வை," என்றார் பல்லுக்காரர். "அந்த ஃபோர் கேயைக் கட்டு. அதுக்குத் தோதா ஒரு டிஸ்க்கும் குடு. இருக்கிறதுலயே நல்ல டிஸ்க்கா."

"சார், அதுக்கு டிவி..."

"கட்டும்மா."

அவள் கட்டினாள். எத்தனையோ பேரை இப்படிக் கட்டி அனுப்பிய கை அது.

அக்காவும் தங்கச்சியும் தினமும் போனில் பேசிக்கொள்பவர்கள். அக்காள் வீட்டுப் பெட்டியின் விவரம் சாயங்காலத்துக்குள் சகலையின் காதுக்குப் போய்விட்டது. அவன் சொல்லியனுப்பினான்: அந்தப் பிளேயர் அந்த டிவிக்கு ஒத்துவராது, பெட்டியைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கச் சொல்.

"வயிறு எரியுது அவனுக்கு," என்றார் பல்லுக்காரர். "வர ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வரச் சொல்லு."

"முதல்ல நாம ஒரு தடவை போட்டுப் பாத்துடலாங்க."

"அவன் வந்தப்புறம்தான் பெட்டியைப் பிரிப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை சகலை வந்தான். சொன்ன நேரத்துக்குச் சற்று முன்பாகவே, மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தான். துக்க வீட்டுக்கும் சண்டைக்கும் அவன் தாமதமாகப் போனதே இல்லை. நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டான். பல்லுக்காரர் பெட்டியைப் பிரித்து, ஒயரை மாட்டி, டிஸ்க்கைத் தட்டில் வைத்தார். தட்டு உள்ளே போன அழகைப் பார்த்து அவருக்கே கர்வம் தாங்கவில்லை.

படம் வந்தது. மங்கலாக வந்தது.

பகல் காட்சி என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆட்கள் இருட்டறையில் போர்வைக்குள் நடப்பது போலிருந்தார்கள். பல்லுக்காரர் ஜன்னல் திரையை இழுத்து விட்டார். பயனில்லை. விளக்கை அணைத்தார். ரிமோட்டில் இருந்த பொத்தானையெல்லாம் அழுத்தினார். ஒரு தடவை படம் பச்சையாயிற்று, ஒரு தடவை எழுத்து வேற்று மொழிக்குப் போயிற்று, வெளிச்சம் மட்டும் வரவில்லை. அந்த டிஸ்க்கில் இருந்த ஒளியையும் நிறத்தையும் காட்ட அந்த டிவிக்குத் திராணி இல்லை. கடைப் பெண் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது அதைத்தான்.

"என்ன சகலை, இது படமா எக்ஸ்ரேவா?" என்றான் அவன். சொல்லிவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுக்கத் திறந்து, வயிறு குலுங்கச் சிரித்தான்.

பல்லுக்காரர் விளக்கைப் போட்டார். சிரிக்கிற வாய்க்குள் அவர் கண் போயிற்று. போன இடத்திலேயே நின்றுவிட்டது. மேல் வரிசையில், இடது பக்கம், கடைவாய்க்கு முன்னால் இரண்டு பற்கள். அந்த இரண்டையும் கட்டிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் இப்போது அங்கே இருந்தவை அவர் செய்தவை அல்ல.

"யார்கிட்ட கட்டின?" என்றார்.

சிரிப்பு நின்றது. "என்னது?"

"வாயை மூடாதே. அந்த ரெண்டு பல்லும் என் வேலை இல்ல. யார்கிட்டப் போய்க் கட்டின?"

சகலை உதட்டை இறுக்கிக்கொண்டான். தங்கச்சி தரையைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"சொல்லு. என் வேலைல என்ன குறை கண்டே? சொந்தக்காரன்னு வேற எல்லாத்தையும் ஒதுக்கி வச்சுட்டுச் செஞ்சேன். துரோகி."

துரோகி என்றதும் சகலை எழுந்துவிட்டான். அதுவரை எந்தச் சண்டையிலும் அவன் வாயில் 'நீங்க' தவறியதில்லை. அன்று தவறியது.

"நீ கட்டின பல்லு எத்தனை தடவை கழண்டுச்சு தெரியுமா? ஆப்பிளைக் கடிச்சா ஆப்பிள்லயே நிக்கும். வண்டில ஒரு பொண்ணுக்கு கியர் சொல்லிக் குடுத்துட்டிருக்கும்போது வாய்லருந்து தெறிச்சு அது மடியில விழுந்துச்சு. மறுநாள்லருந்து அது கிளாசுக்கே வரல. உன்கிட்டச் சொன்னா என் வாய் மேலதான் குத்தம் சொல்லுவே. அண்ணி முகத்துக்காக இத்தனை நாளும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்! ஊர்ல இருக்கிறவன் பல்லெல்லாம் நொட்டை, இவரு கட்டினது மட்டும் வைரம்!"

பல்லுக்காரர் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். பதிலுக்கு ஏதோ கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்கே பிறகு நினைவில்லை. சகலை அதைவிடச் சத்தமாகக் கத்தினான். திரையில் இருட்டுக்குள் யாரோ யாரையோ சுட்டார்கள். ஒருவரும் கவனிக்கவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் லைன்லயே இருங்க," என்றது ஒரு குரல்.

தேன் தடவிய குரல். கணவர் அந்தக் குரலை வீட்டில் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எப்போதாவது போன் போட்டபோது மட்டும் கேட்டிருக்கிறார், அதுவும் தன் மனைவிதானா என்று சந்தேகப்பட்டு. ஒரே நேரத்தில் கத்துகிற இரண்டு பேரைக் காத்திருக்க வைப்பது அவளுக்குத் தினசரி வேலை.

"தம்பி, நீங்க வீட்டுக்குப் போங்க. நீங்க சொன்னது உண்மையாவே இருக்கட்டும், சிரிச்ச விதம் நல்லால்ல." கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்க அந்த ஒயரைக் கழட்டிப் பெட்டில வைங்க. படம் பாக்கணும்னு ஆசைப்பட்டது நான். என்ன வேணும்னு ரெண்டு வீட்லயும் ஒருத்தர் கேக்கல. நாளைக்கு நானும் தங்கச்சியும் கடைக்குப் போறோம். ஆம்பளைங்க யாரும் வர வேண்டாம்."

அவள் டிவியை அணைத்தாள். சகலை தன் மனைவியைப் பார்த்தான். அவள் அக்காள் பக்கத்தில் நகர்ந்து நின்றாள். அவன் தனியாகத்தான் இறங்கிப் போனான்.

மறுநாள் பல்லுக்காரர் வேலையில் உட்காரவில்லை. மேல் தட்டில் பழைய பிளாஸ்டர் அச்சுகளைக் கிளறி, சகலையின் வாயைத் தேடி எடுத்தார். மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் பொருத்தி, மெல்ல அசைத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மறுபடி அசைத்தார். அவர் கட்டிய இரண்டு பல்லும் இருந்த இடத்தில்தான், கடிக்கும்போது கீழ்ப்பல் ஒன்று முதலில் போய் இடித்தது. ஒரு மயிரிழை தேய்த்து விட்டிருக்க வேண்டும். அவர் தேய்க்கவில்லை. அந்த இடி ஒவ்வொரு கடிக்கும் பல்லை நெம்பியிருக்கும்.

வேறு ஒரு மனிதராக இருந்தால் சகலைக்குப் போன் போட்டுத் தப்பை ஒப்புக்கொண்டிருப்பார். பல்லுக்காரர் அந்த அச்சைக் குப்பைக் கூடையில் போட்டார். போட்ட வேகத்தில் தாடை இரண்டாகப் பிளந்தது. அது அவர் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் மத்தியானம் வரை கூட நிலைக்கவில்லை. அன்று எந்தப் பல்லைக் கையில் எடுத்தாலும், இதுவும் எவன் மடியிலாவது விழுமோ என்ற எண்ணம் வந்து, திரும்ப இழுப்பறையிலேயே வைத்தார்.

அதே நேரத்தில் அக்காவும் தங்கச்சியும் கடையில் இருந்தார்கள். கடைப் பெண் பெட்டியைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார் வரலையா?"

"வரல."

"நல்லதாப் போச்சு," என்றாள் அவள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். மூன்று பெண்களும் சிரித்தார்கள். கைப்பையிலிருந்து ஆஸ்பத்திரி லைப்ரரி டிஸ்க் ஒன்றை எடுத்தாள் அக்காள். கீறல் மேல் கீறலாக, பூனை பிராண்டியது போலிருந்தது. கடைப் பெண் அதைத் துடைத்துச் சாதாரணப் பிளேயரில் போட்டாள். ஓர் இடத்தில் திக்கியது, பிறகு சுதாரித்துக்கொண்டு ஓடியது. எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் எது என்று காட்டினாள். திருப்பி எடுப்பது வழக்கமில்லை என்று மேலாளர் இழுத்தார். அக்காள் தன் ஆஸ்பத்திரிக் குரலில் அவரோடு பேசினாள். கொஞ்ச நேரத்தில் அவர் தன் மாமியாரின் மூட்டுவலிக்கு எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று இவளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டி மாறியது. மிச்சப் பணத்துக்கு, பார்க்க ஆசைப்பட்ட படங்களாக அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அன்றுமுதல் சனிக்கிழமை மத்தியானங்கள் அவர்களுடையவை ஆயின. தங்கச்சி சாப்பாட்டை முடித்துக்கொண்டு அக்காள் வீட்டுக்கு வந்துவிடுவாள். புருஷனின் சுவரளவு டிவியை விட்டுவிட்டு இந்தச் சின்ன டிவிக்கு வருவதில் அவளுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இங்கே நடுவில் நிறுத்துவார் இல்லை. அழ வேண்டிய இடத்தில் அழுதார்கள். மறுபடி அழ வேண்டுமென்றால் அவர்களே பின்னால் ஓட்டிப் போட்டுக்கொண்டார்கள்.

சகலைகள் பேசிக்கொள்ளவில்லை. கீரியும் பாம்புமாவது சண்டை போடும். இவர்கள் அதுவும் போடவில்லை. கல்யாண வீடுகளில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் கை கழுவப் போனார். சனிக்கிழமைகளில் சகலை டிரைவிங் ஸ்கூல் காரில் வந்து மனைவியைத் தெருமுனையிலேயே இறக்கிவிடுவான். சாயங்காலம் வாசல் வரை வருவான், ஆனால் இறங்க மாட்டான். ஹாரன் மட்டும் அடிப்பான்.

பல்லுக்காரர் முதலில் அந்த நேரங்களில் தன் பல் பட்டறைக்கே போய்விடுவார். பிறகு வீட்டிலேயே பின்னறையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஹாலிலிருந்து பாட்டும் சண்டையும் சிரிப்பும் வரும். ஒரு சனிக்கிழமை தாள் முழுவதும் படித்து முடித்துவிட்டார். தண்ணீர் குடிக்க வந்தவர் போல் வந்து, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு இவன்?" என்றார் திரையைக் காட்டி.

"முதல்லருந்து பாத்திருந்தாத் தெரியும்," என்றாள் மனைவி, திரும்பாமலே.

"மாமா, இவன்தான் அந்தப் பொண்ணோட..." என்று ஆரம்பித்தாள் கொழுந்தியாள்.

"சொல்லாதடி. உக்காந்து பாக்கட்டும்."

அவருக்குச் சுரீரென்றது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். போகவில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்று தெரியாமல், யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியாமல், கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார். திரையில் ஒரு கிழவன் ரயில் நிலையத்தில் யாருக்காகவோ காத்திருந்தான். வண்டி ஒன்று வந்தது. அவன் எதிர்பார்த்த ஆள் இறங்கவில்லை போலிருந்தது. கிழவன் அழவில்லை. தொப்பியை எடுத்துத் தட்டிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டான். பல்லுக்காரர் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டார்.

வாசலில் ஹாரன் அடித்தது. அடுத்து இன்னொன்று, கொஞ்சம் நீளமாக.

"அவர் வந்துட்டார்க்கா," என்றாள் தங்கச்சி.

"படம் இன்னும் இருக்கு. அடிச்சா அடிக்கட்டும்."

மூன்றாவது ஹாரன் நிற்கவே இல்லை. பல்லுக்காரர் எழுந்தார். இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வாசலுக்குப் போய்ச் சண்டை பிடிக்கப் போகிறார் என்றே நினைத்தார்கள். அவர் தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போனார். காருக்குள்ளிருந்து சகலை நிமிர்ந்து பார்த்தான். இருவர் கண்ணும் ஒரு கணம் சந்தித்தன. பல்லுக்காரர் ஜன்னல் கதவை இரண்டு பக்கமும் இழுத்துச் சாத்தி, கொக்கியைப் போட்டார். ஹாரன் எங்கோ தூரத்தில் அடிப்பது போல் அமுங்கிற்று. பல நாளாகக் காணாத ஒரு திருப்தியோடு வந்து உட்கார்ந்தார்.

"கொஞ்சம் பின்னால ஓட்டு," என்றார். "அந்தக் கிழவன் என்ன ஆனான்னு தெரியல."